சுவரொட்டி போதாது, டீச்சர்

மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5 வகுப்பை வைத்திருக்கும் இளம் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: “என் வகுப்பில் 32 மாணவர்கள். கூடத்தில் ஓடக்கூடிய கணினி 14. சுவரொட்டி வடிவமைக்கும் கேன்வா, நிரல் எழுதப் பழக்கும் ஸ்க்ராட்ச், காணொளித் தயாரிப்பு என்று ஏதாவது செய்து பிள்ளைகளின் இலக்கவியல் அறிவை வளர்க்கும்படி தலைமையாசிரியர் சொல்கிறார். பிள்ளைகளோ என்னைவிட வேகமாகக் கைப்பேசியைத் தட்டுகிறார்கள். இந்தக் கருவிகள் உண்மையிலேயே அறிவை வளர்க்குமா, இல்லை விளையாட்டாகப் போய்விடுமா? எதில் தொடங்குவது?”

பினாங்கில் பதினெட்டு ஆண்டுகளாகப் பள்ளிக் கணினிக் கூடத்துச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வளர்க்கும். ஆனால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் வளராது. முடிந்த சுவரொட்டியையும் முடிந்த காணொளியையும் வைத்து எதையும் சொல்ல முடியாது. செய்துகொண்டிருக்கும்போது பிள்ளை எங்கே மாட்டிக்கொண்டு முழிக்கிறதோ, பாடம் அங்கே இருக்கிறது. அதனால் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எதில் அழகாக வரும் என்று பார்க்காதீர்கள். எதில் உருப்படியாக மாட்டிக்கொள்வார்கள் என்று பாருங்கள்.

வேகமாகத் தட்டும் விரல்களைப் பார்த்து மிரள வேண்டாம். நாற்பது நொடிக் காணொளிக்கு இசை சேர்த்து, எழுத்து ஓடவிட்டு, மினுமினுப்பெல்லாம் போட்டு முடித்த ஒரு பையனிடம், “சரி, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். “போன்ல இருக்கு சார்” என்றான். போனில் எங்கே? தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் தேவையே அவனுக்கு அதுவரை வந்ததில்லை. இன்றைய செயலிகள் கோப்பு, கோப்புறை என்ற சங்கதியையே கண்ணில் காட்டுவதில்லை. மறுவாரம் அவனே கூடத்துக் கணினியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைந்த படத்தைப் பதிவிறக்கக் கோப்புறையில் போட்டுவிட்டுப் போனான். அடுத்து வந்த வகுப்புப் பிள்ளைகள் இடம் போதவில்லை என்று அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். அழுதான். அந்த வகுப்பில் கோப்புக்குப் பெயர் வைப்பது எப்படி, எங்கே சேமிப்பது என்ற பாடத்தை நான் நடத்த வேண்டியிருக்கவில்லை. அவனே எல்லாருக்கும் நடத்திவிட்டான்.

இலக்கவியல் அறிவு என்றால் என்ன என்பதற்கு ஐரோப்பிய ஆணையம் 2013இல் டிஜ்காம்ப் என்ற பெயரில் ஒரு சட்டகம் வெளியிட்டது. தகவலைத் தேடி எடைபோடுவது, பிறரோடு தொடர்புகொண்டு சேர்ந்து வேலை செய்வது, உள்ளடக்கம் படைப்பது, பாதுகாப்பு, சிக்கலைத் தீர்ப்பது என்று ஐந்து பகுதிகள் அதில். பட்டறை நடத்துகிறவர்கள் ஒன்றுக்கு ஒரு நாள் என்று பிரித்து வைப்பார்கள். பாதுகாப்பு நாளில் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். நான் பார்த்தவரை மூன்றாவதை ஒழுங்காகச் செய்தால் மற்ற நான்கும் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கணினிக் கல்வி முன்னோடி சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 1967இலேயே பிள்ளைகளுக்கென்று லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். கணினி பிள்ளையை ஆட்டிவைப்பதற்குப் பதிலாகப் பிள்ளை கணினியை ஆட்டிவைக்க வேண்டும் என்பது பேப்பர்ட்டின் எண்ணம். அந்த வழியில் வந்தது, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச். நம் ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்தில் வரும் நிரலாக்கத்துக்கும் வேர் அங்கேதான். ஆகவே யாராவது உங்களிடம் “இதெல்லாம் இப்போது வந்த மோகம்” என்றால் நம்ப வேண்டாம். நமக்கும் நம் அப்பாக்களுக்கும் இடைப்பட்ட வயது அதற்கு.

எதில் தொடங்குவது? ஒலியில். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். காணொளியைவிட ஒலி மலிவு, இணையம் வேண்டாம், பழைய கணினியே போதும். ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் அதன் பாட்டுக்கு ஓடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டு 5 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் ஒரு பெரியவரிடம் ஒரு சமையல் குறிப்பைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு வர வேண்டும். அதை ஒரு நிமிடத்துக்குள் அடங்கும்படி வெட்டித் தர வேண்டும். ஒரு சிறுமி பாட்டியின் மீன் கறியைக் கொண்டுவந்தாள். ஏழு நிமிடம். பின்னணியில் மின்விசிறி, தொலைக்காட்சித் தொடர், நடுவில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரன். பாட்டி மீன் கறியை மட்டுமா சொன்னார்? இந்தக் குறிப்பைக் கற்றுக்கொடுத்த நாத்தனார் யார், அவர் ஒரு கல்யாண வீட்டில் என்ன சொன்னார், அதற்குப் பிறகு எத்தனை வருடம் பேச்சுவார்த்தை இல்லை என்று கதை கறியைத் தாண்டி எங்கோ போய்விட்டது.

திரையில் ஒலி அலை மீன் முள்ளைப் போல ஓடும். பிள்ளைகள் அதை ‘முள்ளு’ என்றே சொல்வார்கள். பெரிய முள்ளென்றால் சத்தம், சின்ன முள்ளென்றால் மூச்சு அல்லது அமைதி. அவள் சின்ன முட்களைப் பார்த்துப் பார்த்து நறுக்கிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் பாட்டி, “எனக்கு அவ மேல கோபம் இல்ல” என்கிறார். கடைசிச் சொல்லில் குரல் தாழ்ந்துவிட்டது; திரையில் சின்ன முள்ளாகத் தெரிந்தது. மூச்சு என்று நினைத்து அதையும் சேர்த்து நறுக்கிவிட்டாள். போட்டுக் கேட்டால், “எனக்கு அவ மேல கோபம்.”

ஒரு விநாடி அமைதி, அப்புறம் சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும். “சார், பாட்டி இப்படிச் சொல்லவே இல்ல. ஆனா இது பாட்டி குரல்தான்” என்றாள்.

நான் திட்டம் போட்டுக்கொண்டு போன பாடம் வேறு. ஒலியைத் தெளிவாக்குவது, நேரத்துக்குள் அடக்குவது, அவ்வளவுதான். ஆனால் தமிழில் மறுப்பு வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை நறுக்கினால் ஆள் சொன்னதற்கு நேர் எதிராகிவிடும். அன்றைக்கு மிச்சமிருந்த நேரம் முழுக்கப் பிள்ளைகள் ஒருவர் குரலை ஒருவர் வெட்டி ஒட்டி விளையாடினார்கள். நான் தடுக்கவில்லை. மறுநாள், புலனத்தில் (வாட்ஸ்அப்) யாரோ அனுப்பும் குரல் பதிவுகளைப் பற்றிப் பேசினோம். “முழுசா இருக்கா, நறுக்கினதா?” என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்தே வந்தது. நம் நாட்டில் பொய்ச் செய்திகளைச் சரிபார்க்க ‘செபெனார்ஞா’ தளம் 2017 முதல் இருக்கிறது. அதைத் திறந்து காட்டினேன். தானே ஒரு பொய்யைத் தெரியாமல் செய்துவிட்ட பிள்ளைக்கு அந்தத் தளம் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சிறுமி கடைசியில் கொடுத்த ஒரு நிமிடத்தில் நாத்தனார் கதையே இல்லை. “அத்தைப் பாட்டி கேட்டா வருத்தப்படுவாங்க சார்.” அந்தரங்கம் என்ற தலைப்பில் நான் வைத்திருந்த படவில்லைகளை அதற்குப் பிறகு அந்த வகுப்பில் திறக்கவே இல்லை.

ஒலி இரண்டு மூன்று வாரம் போகட்டும். அப்புறம் ஸ்க்ராட்ச். இதற்கும் இணையம் தேவையில்லை. கணினியில் நிறுவிக்கொள்ளும் பதிப்பு இருக்கிறது. கட்டளைக் கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தினால் திரையில் ஒரு பூனை அதன்படி ஆடும். பூனையை நடக்கவைப்பது, பந்தைத் துள்ளவைப்பது எல்லாம் முதல் நாளோடு போதும். தமிழில் ஒரு புதிர் விளையாட்டு செய்யச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் கட்டம், பதிலை வாங்கிக்கொள்ளும் கட்டம், இரண்டும் சமமா என்று பார்க்கும் கட்டம். எளிமையானதுதான். ஆனால் தமிழ் உள்ளே வந்ததும் வேடிக்கை தொடங்கும்.

எங்கள் கூடத்தில் இரண்டு பையன்கள் பழம்புலவர்களைப் பற்றி ஒரு புதிர் செய்தார்கள். ஆத்திசூடியைப் பாடியவர் யார்? பதில்: ஔவையார். பக்கத்துக் கணினிப் பெண் விளையாட வந்தாள், ஔவையார் என்று தட்டினாள். ‘தவறு’ என்றது பூனை. மறுபடி தட்டினாள். தவறு. திரையில் இரண்டு சொல்லும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கின்றன. “கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு” என்றான் ஒருவன். “நீங்க ரெண்டு பேரும் ஏமாத்துறீங்க” என்றாள் அவள்.

ஸ்க்ராட்சில் ஒரு சொல்லின் நீளத்தை எண்ணித் தரும் கட்டம் ஒன்று உண்டு. அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பையன்கள் தட்டியதற்கு 7 என்றது. அவள் தட்டியதற்கு 8. இதில் முதல் வேடிக்கை, இரண்டுமே அவர்கள் எதிர்பார்த்த எண் இல்லை. ஔ, வை, யா, ர்: விரல்விட்டு எண்ணினால் நான்கு எழுத்து. கணினி ஏன் ஏழு என்கிறது? ஒவ்வோர் எழுத்தாக அழித்துப் பார்த்தார்கள். ‘ர்’ மேல் இருக்கும் புள்ளி தனியாகப் போனது, பிறகு ‘ர’, பிறகு கால். யுனிகோடில் உயிர்மெய்க்குத் தனி இடம் கிடையாது; மெய்யுருவும் உயிர்க்குறியும் அடுத்தடுத்து நின்றுதான் ‘வை’ ஆகிறது. சரி, அந்த எட்டாவது எங்கிருந்து வந்தது? அவள் சொல்லின் தலையில் இருந்தது ஔ அல்ல. ‘ஒ’ ஒன்று, ‘ள’ ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். திரைப் பலகையில் ஔ எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவள் தன் சாமர்த்தியத்தில் உருவத்தைக் கட்டியிருக்கிறாள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

அரை மணி நேரம் போயிற்று. அன்றைய பாடத்திட்டத்தில் எழுதிவைத்த எதையும் முடிக்கவில்லை. ஆனால் கணினி சொற்களைப் ‘படிப்பதில்லை’, எண்களை ஒப்பிடுகிறது என்பது பதினொரு வயதில் அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. தேடலில் ஒரு சொல் ஏன் அகப்படவில்லை, பதிவுப் படிவத்தில் பெயர் ஏன் பொருந்தவில்லை என்பதெல்லாம் இதே சங்கதிதான். அதற்குப் பிறகு நடந்த சண்டை இன்னும் சுவை. இரண்டு வடிவத்தையும் சரி என்று ஏற்றுக்கொள்ளும்படி ஆட்டத்தை மாற்றலாம் என்றான் ஒருவன். தவறாகத் தட்டினால் எப்படித் தட்டுவது என்று ஆட்டமே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றான் மற்றவன். எனக்கு இரண்டாமவன் கட்சிதான் பிடித்தது, வாயைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு கிளைக் கதை. தமிழில் தட்டத் தெரியாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு எந்தக் கருவியைக் கொடுத்தும் பயனில்லை. ‘amma’ என்று ரோமன் எழுத்தில் அடித்து, வரும் பரிந்துரைகளில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். ணகர னகரத்தைக் கருவியே முடிவு செய்கிறது. தமிழ்த் தட்டச்சில் நம் நாடு யாருக்கும் பின்வாங்கியதில்லை. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியது 1985இல். பிற்பாடு கைப்பேசிக்கு வந்த செல்லினமும் அவருடையது. தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ஔவுக்குத் தனி விசை உண்டு. வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்குங்கள். ஆறு வாரத்தில் பலன் தெரியும்.

அடுத்தது வரைபடம். உங்களுக்குப் படகுத்துறை பக்கத்தில்தான். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு ஜார்ஜ்டவுன் போய்விடுங்கள். சூலியா தெரு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில், பசார் தெரு மளிகைக் கடைகள் என்று நடந்து, படம் எடுத்து, திரும்பி வந்து கூகுளின் வரைபடக் கருவியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முள் குத்தி, இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

நாங்கள் செய்தபோது மாரியம்மன் கோயிலில்தான் சிக்கினோம். கோயில் எப்போது வந்தது என்று தேடினால், ஓர் இணையப் பக்கத்தில் 1833 என்று இருந்தது, இன்னொன்றில் 1801. மூன்று பேர் குழு. ஒருத்தி 1801 என்கிறாள், ஒருவன் 1833 என்கிறான். மூன்றாமவன் சமாதானத் தூதன்: “ரெண்டையும் போட்டுடலாம் சார்.” எது அதிகப் பக்கங்களில் இருக்கிறதோ அதைப் போடலாம் என்று வாக்கெடுப்புக்குப் போனார்கள். விட்டேன். பிறகு, “1801இல் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறது, வாக்கியத்தை முழுசாகப் படி” என்றேன். நிலம் வழங்கப்பட்டது 1801இல். அங்கே இருந்த சிறு வழிபாட்டிடம் கோயிலாக எழும்பியது 1833இல். இரண்டு ஆண்டும் சரி, கேள்விதான் வேறு வேறு. அந்த இரண்டு வரிக் குறிப்பு கடைசியில் நான்கு வரி ஆயிற்று. ‘இணையத்தில் உள்ளதை நம்பலாமா’ என்று கட்டுரை எழுதவைத்திருந்தால் நம்பலாம், நம்பக் கூடாது என்று இரண்டு பத்தி வந்திருக்கும், அவ்வளவே.

அதே நடையில் எடுத்த படங்களில் வேறொரு சிக்கல். சீருடைச் சட்டையில் பெயர் அட்டை. ஒரு பெண் தன் தோழியின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்; பெயர், பள்ளிச் சின்னம் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. பின்னால் ஒரு காரின் எண் பலகை. பூக்கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது வேறு தெரிந்தது. இதை எல்லாருக்கும் தெரியும்படி வைக்கலாமா? மங்கலாக்கும் கருவியை அன்றைக்குத்தான் தேடிக் கற்றுக்கொண்டார்கள். பூக்கடைப் படத்தை எடுத்துவிட்டுப் பூவை மட்டும் வைத்தார்கள். இணையத்தில் பிறர் எடுத்த படம் வேண்டுமென்றால் விக்கிமீடியா பொதுவகத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் யார் எடுத்தது, எந்த உரிமத்தில் என்று இருக்கும், அதைப் பார்த்து எழுதவைக்கலாம். தேடலில் வந்த படத்தை அப்படியே ஒட்டுவது நம் ஆசிரியர்களிடமும் உள்ள பழக்கம், எனக்கும் இருந்தது. பிள்ளைகள் கேட்க ஆரம்பித்த பிறகுதான் விட்டேன்.

அசைவூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கோலம் தானாக வரைந்துகொள்வதுபோல் பத்து நொடிப் படம் செய்யலாம். நொடிக்கு பத்துப் படம் வைத்தாலே நூறு படம் எடுக்க வேண்டும். கைப்பேசியைப் பயிற்சிப் புத்தக அடுக்கில் ரப்பர் பட்டையால் கட்டி வைத்தால் போதும். பொறுமைக்கு நல்லது. கைப்பேசியின் நினைவகம் நிரம்பும், அதுவும் ஒரு பாடம். ஆனால் நேரம் குறைவென்றால் முதலில் வெட்ட வேண்டியது இதைத்தான்.

கேன்வாவுக்கு வருகிறேன். உங்கள் தலைமையாசிரியர் மனசில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வெளிவருவது அழகாக இருக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் காட்டலாம். நல்ல கருவிதான், பள்ளிகளுக்குக் கட்டணமும் இல்லை. சங்கடம் என்னவென்றால் ஆயத்த வடிவத்தை எடுத்துப் பெயரை மாற்றினால் வேலை முடிந்துவிடும். எந்த நிறம், எது பெரிதாக, எது கண்ணில் முதலில் பட வேண்டும் என்ற முடிவுகளையெல்லாம் யாரோ ஒரு வடிவமைப்பாளர் ஏற்கெனவே எடுத்துவிட்டார். பிள்ளை மாட்டிக்கொள்ள இடமே இல்லை. ஆகவே ஆயத்த வடிவங்களுக்குத் தடை போடுங்கள். வெற்றுப் பக்கம், இரண்டு நிறம், ஓர் எழுத்துரு, இருபது சொல். டிங்கி கொசு பற்றிய அறிவிப்பு என்றால், அதைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஒட்டி, வரிசையில் நிற்கும் ஆண்டு 1 பிள்ளைக்குப் புரிகிறதா என்று போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தில் நான்கு திரும்பி வரும். திரும்பி வந்து மாற்றும்போதுதான் கேன்வா ஒரு கருவியாகிறது. சில தமிழ் எழுத்துருக்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதையும் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு? நிச்சயம் கேட்பார்கள். அந்தச் சேவைகளில் பல 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கணக்கு தருவதில்லை, உங்கள் பிள்ளைகளுக்கோ பதினொன்று. அதனால் உங்கள் கணக்கில், பெரிய திரையில், நீங்களே செய்து காட்டுங்கள். நான் “பினாங்கு தண்ணீர்மலையில் தைப்பூசம்” என்று ஒரு படம் கேட்டேன். வந்த படத்தைப் பிள்ளைகள் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். காவடி தோளில் உட்காரவே முடியாதபடி இருக்கிறது, பலகையில் இருப்பது எந்த மொழியும் இல்லை, தேங்காய் உடைக்கும் ஒருவருக்கு விரல் கணக்கு சரியில்லை. ஒரே கொண்டாட்டம். அடுத்து பொலிவியா நாட்டுத் திருவிழா ஒன்றைக் கேட்டேன். இதில் என்ன தவறு? கூடமே மௌனம். யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. “இதுல தப்பே இல்லையா சார், இல்ல எங்களுக்குத் தெரியலையா?” என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் அன்று அத்தோடு வகுப்பை முடித்துவிட்டேன்.

சில நடைமுறைச் சங்கதிகள். கல்வி அமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு அடையாளக் கணக்கு இருக்கும். மூன்றில் ஒருவருக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும். முதல் வகுப்பு முழுக்க அதிலேயே போய்விடும் என்று தெரிந்தே போங்கள். கடவுச்சொல்லை நோட்டுப் புத்தகப் பின்னட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். திட்டாமல், நினைவில் நிற்கும் நீளமான ஒன்றை உருவாக்கும் விளையாட்டாக மாற்றிவிடுங்கள். 32 பேருக்கு 14 கணினி என்பது குறை இல்லை. மூவர் மூவராகப் பிரித்தால் 11 குழு, கடைசிக் குழுவில் மட்டும் இருவர். மூன்று கணினி மிச்சம் இருக்கும். வாரத்துக்கு ஒன்று எப்படியும் படுத்துவிடும். சுட்டியைப் பிடிப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், பிடிக்காதவர்கள் கையை நீட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். “அதை அங்க போடு” என்பது செல்லாது. எதை, எங்கே என்று சொல்ல வேண்டும். கலைச்சொற்கள் அப்படித்தான் நாக்கில் ஏறின.

மதிப்பீடுதான் உங்களை நெருக்கும். தேர்ச்சி நிலை 1 முதல் 6 வரை எதையாவது போட்டாக வேண்டும். முடிந்த பொருளுக்குப் போட்டால் வீட்டில் அண்ணன் செய்துகொடுத்ததற்கு 6 போட வேண்டி வரும், எனக்கு நடந்திருக்கிறது. நான் பிற்பாடு ஒரு துண்டுத்தாள் கேட்க ஆரம்பித்தேன்: எதை வெட்டினாய், ஏன்? மூன்று வரி. மீன் கறிச் சிறுமியின் துண்டில் நாத்தனாரைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது. அண்ணன் செய்துகொடுத்த காணொளிக்கு அந்தத் துண்டை எழுத முடியாது, ஏனென்றால் வெட்டியது அண்ணன்.

பெற்றோர் தரப்பில் “படிப்பு கெடுகிறது” என்று ஒருவர் வருவார். ஆண்டு 6 பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் போய்விட்டாலும் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. வாதம் செய்யாதீர்கள். பாட்டியின் குரல் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். 1999இல் சோதனையாகத் தொடங்கிய விவேகப் பள்ளித் திட்டத்திலிருந்து 2023இல் வந்த இலக்கவியல் கல்விக் கொள்கை வரை நாடு கருவிகளுக்குச் செலவு செய்துகொண்டேதான் இருக்கிறது. பெற்றோருக்கு அந்த எண்கள் எதுவும் பிடிபடாது. தங்கள் அம்மாவின் குரலைக் கேட்டதும் பிடிபடும்.

முதல் வாரத்துக்கு இது போதும்: ஆடாசிட்டியை 14 கணினியிலும் முன்கூட்டியே நிறுவி, ஒன்றொன்றிலும் ஒலி கேட்கிறதா என்று வெள்ளிக்கிழமையே சோதித்துவிடுங்கள். காதொலிப்பான் இல்லையென்றால் குழுவுக்கு ஒன்று வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியாது என்பதால் பதிவை அம்மா அப்பா உங்களுக்கு அனுப்பட்டும்; நீங்கள் விரலியில் (பென் டிரைவ்) போட்டு எடுத்துப் போங்கள். ஒலிவாங்கி வாங்கப் பணம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டாம். கூடத்தில் குரல் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்சாதனம் இருந்தால் அதையும். இருபது நிமிடம் வியர்க்கும், பரவாயில்லை.